ஒரு ஓட்டுக்கு ஒரு குட்டி

வீரன் பிச்சியை மூன்று முறை சுற்றி வந்தது. மோந்து பார்த்தது. பிறகு வேப்பமரத்தடியில் மண்ணைப் பறித்துப் பள்ளமாக்கி, அதில் வயிற்றை வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"என்ன வே, உம்ம நாய் தூங்குது?" என்றார் இசக்கித்துரை.

"வெயிலுல்லா," என்றார் தங்கசாமி.

"காலம்பற எட்டு மணிக்கு என்ன வே வெயிலு?"

"அதுக்கு இதுவே வெயில்தான்."

பிச்சி தானும் பக்கத்தில் போய்ப் படுத்தது. ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே பெஞ்சில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முன்பின் தெரியாத இரண்டு பேரைப் போல அவை கிடந்தன. இசக்கித்துரை சங்கிலியைப் பிடித்தபடி அரை மணி நேரம் நின்றார். வீரனின் வாலை மெல்ல மிதித்துப் பார்த்தார். அது வாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தது.

"இதுக்கு ஆம்பிளை நாய்னு எதுக்கு வே பேரு?" என்று கேட்டுவிட்டார்.

அங்கேதான் முதல் தவறு நடந்தது. தங்கசாமி தன் மகனைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார். வீரனைச் சொன்னால் பொறுக்கமாட்டார்.

"என் நாய்க்கு ஒரு குறையும் இல்ல வே. உம்ம நாய்தான் பூசணிக்காய் கணக்கா இருக்கு. அதைக் கூட்டிக்கிட்டு எடத்தைக் காலி பண்ணும். பொறவு, ஓட்டு விஷயமா எங்கிட்ட இனிமே பேசாதீரும்."

ஓட்டு என்ற சொல்லைக் கேட்டதும் இசக்கித்துரையின் குரல் இறங்கிவிட்டது. "ஏம் வே கோவப்படுதீரு? உமக்குச் சொன்னது ஒரு குட்டிதான? ரெண்டா வச்சுக்கிடும்."

தங்கசாமி யோசித்தார். "ரெண்டும் பொட்டையா வேணாம்," என்றார்.

பூ ஏற்றும் லோடு ஆட்டோவில் பிச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இளையரசனேந்தலிலிருந்து திரும்பும்போது இசக்கித்துரை விரல் விட்டு எண்ணினார். நேற்றுவரை ஒன்பது குட்டி. இன்று பத்து.

இசக்கித்துரைக்குச் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. ஐம்பத்திரண்டு வயது. பூ வியாபாரிகள் சங்கத்துக்கு இந்த வருஷம் தலைவராகிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எதிர்த்து நின்றவர் ஞானபூரணம். பதினெட்டு வருஷமாக அதே மார்க்கெட்டில் கனகாம்பரம் மொத்த வியாபாரம் செய்கிற அம்மாள். தராசுத் தட்டு ஒரு நூல் இறங்கினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். சங்கத்தில் முப்பத்தோரு ஓட்டு. பாதிப் பேர் ஞானபூரணம் பக்கம், கொஞ்சம் பேர் இவர் பக்கம், எந்தப் பக்கமும் சாயாமல் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரையும் தனித்தனியாகப் பார்த்து, "நான் செயிச்சா உமக்கு ஒரு பிச்சிக் குட்டி. வெளிய மூச்சு விடாதீரும்," என்று சொல்லி வைத்திருந்தார்.

ஒருவர் மட்டும் மறுத்தார். ரோஜாப்பூ விற்கிற ஆஷிக் அலி.

"அண்ணாச்சி, எங்க வீட்ல நாய் வளக்கதில்ல. என் ஓட்டு உங்களுக்குத்தான். குட்டி மட்டும் வேண்டாம்."

"அதெப்படி ஓய்? எல்லாருக்கும் குடுத்துட்டு உமக்குக் குடுக்கலேன்னா நல்லாவா இருக்கும்? உமக்கும் ஒண்ணு."

"வேண்டாம்னு சொல்லுதேன்..."

"கூச்சப்படாதீரும்."

குட்டி என்றால் ஊரில் ஆசைப்படுவதற்குக் காரணம் இருந்தது. பிச்சி ராஜபாளையம் சாதி. வெள்ளை வெளேரென்ற உடம்பில் ஒரு பொட்டுக் கறை கிடையாது. மூக்கு ரோஸ் நிறம். இப்போது ஐந்து வயது. வாங்கி வந்த முதல் மூன்று வருஷத்துக்குள் நாலு ஈத்து ஈன்றிருந்தது. மொத்தம் இருபத்து நாலு குட்டி. ஒன்றைக்கூட இசக்கித்துரை விற்றதில்லை. அதில் அவருக்குப் பெரிய பெருமை. "நான் நாய் யாவாரம் பண்ணுதவன் இல்ல," என்பார். காரியம் ஆக வேண்டிய இடத்தில் ஒரு குட்டி, காரியம் ஆன இடத்தில் ஒரு குட்டி, கல்யாண வீட்டில் பேச்சுவாக்கில் நாய் பிடிக்கும் என்று சொன்னவருக்கு மறுநாளே வீடு தேடி ஒரு குட்டி. கொடுத்தபின் அதன் முகத்தை அவர் திரும்பிப் பார்த்ததில்லை. பிறகு மாடி கட்டுகிற வேலை வந்தது. செங்கல், சிமெண்டு என்று மனைவி நீட்டின தாளிலெல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். குட்டி நினைப்பே விட்டுப்போயிற்று. தேர்தல் வந்ததும்தான் பிச்சி ஞாபகம் வந்தது.

வீட்டு வாசலில் மனைவி கோமதித்தாய் நின்றிருந்தாள்.

"என்னாச்சு?"

"அவன் நாய் சுத்தச் சோம்பேறி."

"ஐயோ பாவம்," என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. பிச்சிக்குத் தண்ணீர் வைத்து, கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். "தூரமா போயிட்டு வந்திருக்கு. ஒரு முட்டை அவிச்சுப் போடுதேன்."

"ஏட்டி, முன்னெல்லாம் நீதான வந்து சொல்லுவ, பிச்சிக்கு நேரம் வந்திருக்குன்னு. இப்ப ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டங்க?"

"என் கண்ணுல ஒண்ணும் படலையே. நீங்களே பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தனக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "தெரியும், தெரியும்," என்று உள்ளே போய்விட்டார்.

பூசணிக்காய் என்று தங்கசாமி சொன்னது மனதில் கிடந்து உறுத்தியது. உடம்பு இளைத்தால் காரியம் நடக்கும் என்று முடிவு கட்டி, மறுநாள் மார்க்கெட் ஏலம் முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிச்சியோடு ஓடக் கிளம்பினார். முதல் நூறு அடி அவர் பிச்சியை ஓட்டினார். அதற்குப் பிறகு பிச்சி அவரை ஓட்டியது. ராஜபாளையம் சாதிக்கு ஓட்டம் பிறவியிலேயே வருவது. இசக்கித்துரைக்கு அப்படி இல்லை. மார்க்கெட்டுக்குப் பின்புறம் வாடின பூவைக் கொட்டி வைத்திருக்கிற குவியலில் ஒரு பூனை எட்டிப் பார்த்தது. பிச்சி குவியலின் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. இசக்கித்துரை ஏறினார், இறங்கவில்லை.

அழுகின சம்பங்கிக்கு நடுவில் இடுப்பளவு புதைந்து நின்றவரை ஆஷிக் அலிதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். எதிர்க்கடையிலிருந்து ஞானபூரணம் குரல் கொடுத்தார்: "அண்ணாச்சி, செயிச்ச பொறவு போடுத மாலையெல்லாம் இப்பவே போட்டுக்கிட்டீயளா?"

பத்து நாள் ஓடினார். அவர் மூன்று கிலோ இளைத்தார். பிச்சி அப்படியே இருந்தது. ஓடிவிட்டு வருகிற பிள்ளைக்குப் பசிக்கும் என்று கோமதித்தாய் தினமும் ஒரு முட்டை கூட்டி வைத்திருந்தாள்.

வீரன் வேண்டாம், வேறு ஜோடி பார்ப்போம் என்று விசாரித்ததில் மேலநீலிதநல்லூரில் மகாராஜா என்று ஒருவர் அகப்பட்டார். மக்காச்சோளம் போடுகிற சம்சாரி. அவரிடம் ஒரு வெள்ளை நாய் இருந்தது. போனில் பேசினார்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, நானே கொண்டாந்து விடுதேன். ஒரு வாரம் உங்க வீட்லயே இருக்கட்டும். மாப்பிள்ளை மாதிரி வச்சுக்கிடுங்க," என்றார் மகாராஜா. இவ்வளவு தாராளமான மனிதரா என்று இசக்கித்துரைக்கு வியப்பாக இருந்தது.

சொன்னபடியே மத்தியானம் டிராக்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். டைகர் என்று பெயர். கம்பீரமான நாய். கோமதித்தாய் வெளியே வந்து பார்த்தாள். கிட்டே போய் அதன் இடது காதைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது நம்ம பிச்சி மகன்லா?"

"என்னது?"

"இடது காது நுனி மடங்கியிருக்கு பாருங்க. ரெண்டாவது ஈத்துல மூத்தது. பால் குடிக்க மாட்டேன்னு கிடந்துச்சு. நான்தான் பஞ்சுல நனைச்சு ஊட்டுனேன். மேலநீலிதநல்லூர்ல ஒருத்தருக்குக் குடுத்தேன்னு நீங்கதான் சொன்னீய."

இசக்கித்துரைக்கு ஞாபகம் வரவில்லை. வந்தாலும் வரவில்லை என்றுதான் சொல்லியிருப்பார். "இருந்துட்டுப் போவட்டும். நாய்க்கு என்னட்டி தாயி, பிள்ளை?"

"மூணாவது ஈத்துக்கும் இதையேதான் சொன்னீய. பிச்சிகூடப் பொறந்ததைக் கொண்டாந்து சேத்தீய. வெள்ளைக்கு வெள்ளை சேத்தாத்தான் வெள்ளையா வரும்னு சொன்னீய. வந்துச்சு. ஏழு குட்டில மூணுக்குக் காது கேக்கல."

"வெள்ளையா வந்துச்சா இல்லியா?"

"அதுல ஒண்ணு ராஜபாளையம் ரோட்டுல லாரியில அடிபட்டுச்சு. டிரைவர் ஆரன் அடிச்சுக்கிட்டேதான் வந்தானாம். இது நடு ரோட்டுல நின்னு அவனைப் பாத்து வாலாட்டிக்கிட்டு இருந்திருக்கு."

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். இசக்கித்துரை, "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக் கதவைச் சாத்தினார்.

ஒரு வாரம் டைகர் மாப்பிள்ளையாக இருந்தது. தேர்தல் நோட்டீஸ் ஒரு கட்டைத் தின்றது. கட்டில் காலில் பாதியைத் தின்றது. பிச்சியிடம் மட்டும் ஒரு வம்பும் செய்யவில்லை. அதன் வயிற்றில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. பிச்சி அதன் மடங்கின காதை நக்கிக்கொடுத்தது. கதவு இடுக்கு வழியாக நாளுக்கு நாலு தடவை பார்த்து இசக்கித்துரைக்குக் கண் வலித்ததுதான் மிச்சம்.

எட்டாம் நாள் மகாராஜாவுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஆஷிக் அலியின் போனிலிருந்து அடித்தார். எடுத்துவிட்டார்.

"உங்க நாயை வந்து கூட்டிட்டுப் போங்க வே."

"அங்கனயே இருக்கட்டுமே அண்ணாச்சி. பக்கத்துத் தோட்டத்துல கோழியாப் பிடிச்சுத் திங்கான். எனக்குச் சண்டை போட்டு முடியல. பெத்த வீட்டுக்குத்தான வந்திருக்கான்?"

"உமக்கு அது முன்னாடியே தெரியுமா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஆக, குட்டி ஒன்றும் வரவில்லை. நாய் ஒன்று கூடியது. தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தங்கசாமி மார்க்கெட் டீக்கடையில் உட்கார்ந்து, "இசக்கித்துரை எனக்கு ரெண்டு குட்டி தாரேன்னு சொல்லியிருக்காரு," என்று பெருமை அடித்தார். பக்கத்தில் இருந்தவர் டீயைக் கீழே வைத்தார். "ரெண்டா? எனக்கு ஒண்ணுதான சொன்னாரு." அதற்கடுத்தவரும் டீயைக் கீழே வைத்தார். சிறிது நேரத்தில் அந்தப் பெஞ்சில் ஒருவரும் டீ குடிக்கவில்லை.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் இசக்கித்துரையின் கடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஆஷிக் அலி மட்டும் வரவில்லை.

"பத்துக் குட்டின்னு கணக்கு வருது. அத்தனைக்கும் எங்க போவீரு?" என்றார் தங்கசாமி. "பத்து இருக்கட்டும். ஒண்ணுக்காவது வழி இருக்கா? வீரன்கிட்ட நடந்ததுதான் எனக்குத் தெரியுமே."

இசக்கித்துரை வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. வெளியே வந்தது இதுதான்:

"பிச்சி சினையா இருக்கு வே. ஒரு மாசம் ஆச்சு. கண்ணு பட்டுரும்னு சொல்லாம இருந்தேன். சந்தேகம்னா வீட்ல வந்து வயித்தைப் பாரும்."

வந்தார்கள். பார்த்தார்கள். முட்டையும் பாலுமாகச் சாப்பிட்டு உருண்டிருந்த பிச்சி, இவ்வளவு பேர் தன்னைப் பார்க்க வந்ததில் மகிழ்ந்து மல்லாக்கப் படுத்து வயிற்றைக் காட்டியது. எட்டுப் பேரும் முறைவைத்துத் தடவிப் பார்த்தார்கள். தங்கசாமி காதை வைத்துக்கூடக் கேட்டார்.

"பத்துக்கு மேலயே இருக்கும்," என்றார்.

கோமதித்தாய் எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். அவர்கள் போன பின், "சினைன்னு சொல்லிட்டீயளா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன். ஆக்கிருவோம்."

"ஆக்குங்க," என்றாள்.

செய்தி ஞானபூரணத்துக்குப் போனது. மறுநாள் காலை ஏலம் முடிந்ததும், கூடை நிறையக் கண்ணாடி வளையலும், ஐந்து முழம் பிச்சிப்பூவும், மார்க்கெட்டில் பூக்கட்டுகிற பெண்கள் ஏழெட்டுப் பேருமாக வந்து வாசலில் நின்றுவிட்டார்.

"எங்க அண்ணாச்சி புள்ளத்தாச்சி? வளைகாப்பு போடாம விட்டா சங்கத்துக்கே நல்லதில்லல்லா?"

"ஞானபூரணம், இது நல்லா இல்ல," என்று இசக்கித்துரை பல்லைக் கடித்தார்.

"ஏன்? நாயின்னா கேவலமா? நீங்க அதை வச்சுத்தான ஓட்டுக் கேக்கீய?"

பிச்சியின் முன்னங்காலில் வளையல் நிற்கவில்லை. அதனால் பூச்சரத்தில் கோத்துக் கழுத்தில் கட்டினார்கள். நெற்றியில் சந்தனம். பெண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். டைகர் கூடவே ஊளையிட்டது. கோமதித்தாய் அந்த அவசரத்திலும் புளியோதரை கிளறி, எலுமிச்சம்பழச் சோறும் தேங்காய்ச் சோறும் பண்ணி இலை போட்டாள். நடுவில் ஒரு தடவை இசக்கித்துரை அடுப்படிக்குப் போனபோது அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் குலுங்கின.

"அழாத, கோமதி," என்றார். "அசிங்கப்படுத்தணும்னு வந்திருக்கா. தேர்தல்ல காட்டுதேன்."

அவள் முகத்தை எடுக்காமலே தலையை ஆட்டினாள்.

ஞானபூரணம் கணக்குப் போட்டது ஒன்று, நடந்தது வேறொன்று. வளையல் கட்டின கழுத்தோடு பிச்சி உட்கார்ந்திருக்கிற படம் அன்று மத்தியானமே மார்க்கெட்டில் எல்லாருடைய போனுக்கும் போனது. எதிர்க்கட்சிக்காரியே வந்து வளைகாப்பு நடத்தினால் சினை உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று அசையாமல் இருந்தவர்கள்கூட அசைந்தார்கள். ஞானபூரணத்தின் பக்கமிருந்தே இரண்டு பேர் ஜாடையாக வந்து, "எனக்கும் ஒண்ணு பாருங்க," என்றார்கள். இசக்கித்துரை ஐந்து ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மாலை போட்டார்கள். வெடி போட்டார்கள். பன்னிரண்டு குட்டிக்குத் தலைவரானார்.

அதன் பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது.

படம் மார்க்கெட்டோடு நிற்கவில்லை. ஊர் ஊராகப் போய்விட்டது. பழைய குட்டிகளை வாங்கினவர்களும் பார்த்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பனவடலிசத்திரத்திலிருந்து ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூட ஒரு வெள்ளை நாய்.

"அண்ணாச்சி, மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்க குடுத்தது. முன்னங்கால் வளைஞ்சு போச்சு. வீட்டுக்கு வாரவங்க சிரிக்காங்க. புது ஈத்து வருதுன்னாங்க. இதை எடுத்துக்கிட்டு அதுல ஒண்ணு குடுங்களேன்."

"இது என்ன மிக்ஸியா வே, பழசைக் குடுத்துப் புதுசு வாங்க?"

அவர் அதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

வியாழக்கிழமை ஒன்று வந்தது, கண்டவர்களையெல்லாம் கடித்துவிடுகிறதாம். சனிக்கிழமை ஒன்று, தோலெல்லாம் சிரங்கு. ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை என்று நிம்மதியாகக் கதவைத் திறந்தார். கேட்டில் ஒரு நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கழுத்தில் ஒரு துண்டுக் காகிதம். 'கூப்பிட்டால் வருவதில்லை' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஒவ்வொன்றும் வர வர, கோமதித்தாய் கீழே உட்கார்ந்து வாயைத் திறந்து பார்த்து, காதைத் திருப்பிப் பார்த்து, "இது முத ஈத்து. வாசல்ல தண்ணித் தொட்டியில விழுந்துச்சுல்லா, அது," என்றாள். "இது கடைசி ஈத்து. நாப்பது நாள்ல தாயிகிட்ட இருந்து பிடுங்கிட்டுப் போயிட்டீய. அதான் இப்படிக் கடிக்கு." அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

அன்று மத்தியானம் சங்கத்துக்காரர்கள் போன் மேல் போன். மாதாந்திரக் கூட்டம் வருகிறது, குட்டி எங்கே என்று. கோபத்தோடு பின்கட்டுக்கு வந்த இசக்கித்துரை, வழியில் குறுக்கே படுத்திருந்த நாயைப் பார்த்து, "ஏய், எந்திரி!" என்று கத்தினார். மற்ற நான்கும் எழுந்து ஓடின. பிச்சிகூடச் சுவரோரம் ஒதுங்கியது. அது மட்டும் அசையவில்லை.

"எந்திரிங்கேன்!"

மார்க்கெட் ஏலத்தில் மைக் இல்லாமல் கத்துகிற குரல் அது. அதன் காது மடல்கூட ஆடவில்லை. இசக்கித்துரை குனிந்து அதன் தலைக்குப் பின்னால் இரண்டு கையையும் தட்டினார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை தட்டினார். பிறகு எரிச்சலில் தரையை ஓங்கி மிதித்தார். அது சட்டென்று எழுந்தது. திரும்பி அவரைப் பார்த்தது. இவ்வளவு கிட்டத்தில் ஒரு மனிதர் தனக்காகவே வந்து நிற்கிறார் என்று நினைத்ததோ என்னவோ, முன்னங்காலை நீட்டி, வாலை ஆட்டி, அவர் காலை நக்கியது.

இசக்கித்துரை அங்கேயே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

கோமதித்தாய் சோற்றுச் சட்டியோடு வந்தாள்.

"இதுக்குப் பேர் என்னட்டி?"

"தும்பை. பேர் வச்சு என்ன, கூப்பிட்டாக் கேக்கவா போவுது? தரையைத் தட்டணும். தட்டுனா வந்துரும்."

"மத்ததெல்லாம் எங்க இருக்கு? இருபத்து நாலுல?"

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். "இங்கன அஞ்சு. நல்லாருக்குன்னு கேள்விப்பட்டது மூணு. செத்தது எனக்குத் தெரிஞ்சு ஆறு. மத்தது தெரியல. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெண்டு வெள்ளை நாய் திரியுதுன்னு சொன்னாவ. நான் போய்ப் பாக்கதுக்குள்ள காணல."

அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் ஒரு முடிவோடு எழுந்தார்.

"கோமதி, இந்த ஒரு ஈத்துதான். சொன்ன சொல்லுக்காக. அதோட நிப்பாட்டிருதேன். இந்தத் தடவை கண்டபடி சேக்கல. டாக்டரைக் கேட்டு, சொந்தமில்லாத ஜோடியாப் பாத்து, முறையாப் பண்ணுவோம். குட்டியையும் வளக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் குடுப்பேன்."

கோமதித்தாய் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை.

"நல்லதுங்க. டாக்டரம்மாவையே போய்ப் பாருங்க."

"நீ வரலியா?"

"எனக்கு இங்கன அஞ்சு பேருக்குச் சோறு வைக்கணும்."

கால்நடை மருத்துவமனையை ஊரில் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். இசக்கித்துரை அந்தப் படியில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. ஊசி போடுவது, பூச்சி மருந்து வாங்குவது எல்லாம் கோமதித்தாயின் வேலை. வரிசையில் இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி, அப்புறம் சங்கத் தலைவர்.

டாக்டர் ஹஸ்னா பானு ஆறு மாதம் முன்புதான் மாற்றலாகி வந்தவர். பிச்சியை மேஜையில் ஏற்றச் சொன்னார்.

"என்ன பிரச்சினை சார்?"

"சினை பிடிக்க மாட்டங்கு மேடம். ஏதாவது ஊசி இருந்தாப் போடுங்க. அவசரம்."

"என்ன அவசரம்?"

பன்னிரண்டு குட்டிக்கு வாக்குக் கொடுத்திருப்பதை அவர் சொன்னார். தேர்தலைச் சொன்னார். கேட்கக் கேட்க, நாலு ஈத்தையும் சொன்னார். கூடப் பிறந்ததோடு சேர்த்ததைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

ஹஸ்னா பானு அதட்டவில்லை. "அதனாலதான் காது போச்சு சார். வெள்ளையோட வெள்ளை, அதுலயும் ஒரே ரத்தம். குட்டி பாக்க அழகாத்தான் இருக்கும். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கூப்பிட்டா வரலைன்னு தெரியும். மூணு வருஷத்துக்குள்ள நாலு தடவைன்னா இதோட உடம்பையும் யோசிச்சுப் பாருங்க. உங்க வீட்ல யாருக்காவது அப்படிச் செய்வீங்களா?"

"தப்புத்தான் மேடம்," என்றார் இசக்கித்துரை. அந்தச் சொல்லை அவர் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. "இது ஒண்ணு மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடுத்துருங்க. அதுக்குப் பொறவு நானே ஆபரேஷனுக்குக் கூட்டிட்டு வாரேன். சத்தியமா."

டாக்டர் பிச்சியின் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அடிவயிற்று முடியை விலக்கி, குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி இங்க கூட்டிட்டு வந்திருக்காங்களா?"

"வீட்டுக்காரி ஊசிக்குக் கூட்டிட்டு வருவா."

"பேர்?"

"பிச்சி. இசக்கித்துரை வீடு, பூ மார்க்கெட்."

டாக்டர் திரும்பி, "மூக்காண்டி அண்ணன், அந்தப் பழைய காகிதக் கட்டை எடுங்க," என்றார்.

மூக்காண்டி அங்கே இருபது வருஷமாக உதவியாளர். அலமாரியைத் திறந்து, தூசி தட்டி, ஒரு கட்டைப் பிரித்தார். எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஒரு தாளில் நின்றார். அதைப் பார்த்தார், பிச்சியைப் பார்த்தார், இசக்கித்துரையைப் பார்த்தார். பிறகு தாளை உருவி, அவர் படிக்க வசதியாகத் திருப்பி மேஜை மேல் வைத்தார்.

"பிச்சிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி ஒன்றரை வருஷம் ஆச்சே அண்ணாச்சி, சம்மதக் கடுதாசில கையெழுத்துப் போட்டு அக்கா கையில குடுத்து விட்டதே நீங்கதான?"